ஒரே வழக்கு, ஆறு ஜூரி சபைகள்



குற்ற வழக்குகளில் ஜூரர்களின் சொந்தச் சார்புகள் தீர்ப்பில் எப்படிப் படிகின்றன என்பது இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். நம் நாட்டில் ஜூரி முறை போய் ஐம்பது ஆண்டுகள் ஆகிவிட்டனவே, இனி அந்தப் பேச்சு எதற்கு என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நீதி வழங்கும் இடத்தில் மனிதச் சார்பு என்னவெல்லாம் செய்யும் என்பதை அளந்து பார்க்க, ஜூரி சபையைப் போல வாய்ப்பான இடம் வேறில்லை. ஒரு நீதிபதியை ஒரே வழக்கில் ஆறு முறை மாற்றி உட்கார வைத்துப் பார்க்க முடியாது. ஜூரி விஷயத்தில் அது உண்மையிலேயே நடந்திருக்கிறது. அந்த வழக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் வினோனா என்று ஓர் ஊர். மக்கள் தொகை சுமார் 5,000. அதில் 53 விழுக்காட்டினர் கறுப்பர், 46 விழுக்காட்டினர் வெள்ளையர். 1996 ஜூலை 16ஆம் தேதி காலை, அங்கிருந்த டார்டி ஃபர்னிச்சர் கடையில் நான்கு பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஒருவர் கடை உரிமையாளர், மற்ற மூவரும் அங்கே வேலை செய்தவர்கள். மூன்று பேர் வெள்ளையர், ஒருவர் கறுப்பர். சிறிய ஊர். இறந்தவர்களை அறியாதவர் அங்கே அநேகமாக யாரும் இல்லை. அந்தக் கடையில் கொஞ்ச நாள் வேலை பார்த்து, கொலைக்குச் சற்று முன்னால் நீக்கப்பட்டிருந்த கர்டிஸ் ஃபிளவர்ஸ் என்ற கறுப்பின இளைஞர் மேல் சந்தேகம் விழுந்தது. முன்பு எந்தக் குற்ற வழக்கிலும் சிக்காதவர் அவர்.

அரசுத் தரப்பு வைத்த சாட்சியங்களைக் கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள். கொலையை நேரில் கண்டவர் ஒருவரும் இல்லை. சுடப் பயன்பட்ட துப்பாக்கி நீதிமன்றத்துக்கு வரவேயில்லை. ஃபிளவர்ஸின் உறவினர் ஒருவரின் காரிலிருந்து திருடப்பட்ட துப்பாக்கிதான் அது என்றார்கள். இரத்தத்தில் பதிந்திருந்த காலணித் தடம், ஃபிளவர்ஸின் தோழி வீட்டில் கிடைத்த காலி ஷூ பெட்டியோடு ஒத்துப்போனது என்றார்கள். அவருடைய வலது கையில் வெடிமருந்துத் துகள் ஒன்று, ஒன்றே ஒன்று, கிடைத்தது. அன்று காலை அவர் ஊருக்குள் நடந்து போனதைப் பார்த்ததாகப் பலர் சொன்னார்கள். துப்புத் தருவோருக்கு 30,000 டாலர் பரிசு என்ற அறிவிப்பும் அப்போது ஊரில் இருந்தது. சிறையில் அவர் தன்னிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஒரு கைதி சொன்னார். அந்தக் கைதி 2018இல், தான் சொன்னது பொய் என்று சொல்லிவிட்டார்.

குற்றவியல் வழக்கறிஞர்களுக்கு இது பழகிய நிலம்தான். சூழ்நிலைச் சாட்சியம். கண்ணிகளைக் கோத்தால் சங்கிலி என்று சொல்லலாம். ஒவ்வொரு கண்ணியையும் இழுத்துப் பார்த்தால் கையோடு வந்துவிடும் என்றும் சொல்லலாம். இரண்டில் எதைச் சொல்வது என்பது ஜூரர்களின் பொறுப்பு.

ஃபிளவர்ஸ் மேல் ஆறு முறை விசாரணை நடந்தது. ஆறிலும் அரசு வழக்கறிஞர் ஒருவரே. 1997இல் நடந்த முதல் விசாரணையில் ஜூரர்கள் பன்னிருவரும் வெள்ளையர். குற்றவாளி என்றார்கள், மரண தண்டனை. 1999இல் பதினொரு வெள்ளையர், ஒரு கறுப்பர். குற்றவாளி, மரண தண்டனை. 2004இல் மறுபடியும் பதினொன்றுக்கு ஒன்று, அதே முடிவு. மூன்று தீர்ப்புகளையும் மாநில உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. முதலிரண்டும் அரசு வழக்கறிஞரின் முறைகேடான நடத்தைக்காக. மூன்றாவது, கறுப்பின ஜூரர்களை நிறம் பார்த்து விலக்கியதற்காக.

2007இல் நான்காவது விசாரணை. அந்த முறை ஜூரர்களாக அழைக்கப்பட்டவர்களில் கறுப்பர்கள் நிறையப் பேர் இருந்ததால், அரசு வழக்கறிஞரின் கையிலிருந்த விலக்குகள் தீர்ந்துபோயின. ஏழு வெள்ளையரும் ஐந்து கறுப்பரும் ஜூரர்களாக அமர்ந்தார்கள். ஒருமித்த முடிவு வரவில்லை. வெள்ளையர் ஏழு பேரும் குற்றவாளி என்றார்கள். கறுப்பர் ஐந்து பேரும் அதை ஏற்கவில்லை. 2008இல் ஐந்தாவது விசாரணையில் ஒன்பது வெள்ளையர், மூன்று கறுப்பர். ஒரே ஒரு ஜூரர், கறுப்பர், கடைசிவரை உடன்படவில்லை. அந்த மனிதரைப் பொய்ச்சத்தியம் செய்தார் என்று கைது செய்யும்படி விசாரணை நீதிபதி உத்தரவிட்டார். பின்னால் அந்தக் குற்றச்சாட்டு கைவிடப்பட்டது. 2010இல் ஆறாவது விசாரணை. மறுபடியும் பதினொரு வெள்ளையர், ஒரு கறுப்பர். குற்றவாளி, மரண தண்டனை.

குற்றம் சாட்டப்பட்டவரும் அரசு வழக்கறிஞரும் மாறவில்லை. சாட்சியத்தின் எலும்புக்கூடும் அப்படியே இருந்தது. பெரிதும் மாறியது ஜூரர் பெட்டியில் இருந்த முகங்கள். ஒரு கறுப்பரும் இல்லாதபோதும், ஒருவர் மட்டும் இருந்தபோதும் மரண தண்டனை. மூவரோ ஐவரோ இருந்தபோது தீர்ப்பே இல்லை.

இதைக் கேட்டதும், கறுப்பர்கள் தங்கள் ஆளைக் காப்பாற்றப் பார்த்தார்கள் என்று சிலர் சொல்லிவிடுவார்கள். இரு பக்கத்திலும் சார்பு, இரண்டும் ஒன்றையொன்று சமன்செய்துகொண்டன என்ற கணக்கு அது. இதை நான் ஏற்கவில்லை. இறந்த நால்வரில் கறுப்பர் ஒருவர் இருந்தார். சாட்சி சொன்னவர்களிலும் கறுப்பர்கள் பலர். அந்த ஐந்து ஜூரர்களுக்கும் சாட்சிகளின் உலகம் தெரியும். பரிசு அறிவிப்பு ஒட்டப்பட்ட ஊரில், மாதங்கள் கழித்துப் போலீஸ் வந்து கதவைத் தட்டி, அன்று காலை அவன் இந்தப் பக்கம் போனானா என்று கேட்டால், இல்லை என்று சொல்வதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். அவர்கள் ஜூரி அறைக்குக் கொண்டுவந்தது இந்த அறிவைத்தான். சாட்சியின் சொல்லை எடைபோட இப்படிப்பட்ட உலக அறிவு வேண்டும் என்பதற்காகத்தானே சாதாரணக் குடிமக்களை ஜூரர்களாக உட்கார வைக்கிறோம்? போலீஸ் வீட்டு வாசலுக்கு வருவதைப் பாதுகாப்பாக மட்டுமே அறிந்த ஒருவருக்கு, அந்தச் சாட்சிகளின் வாக்குமூலம் பழுதில்லாமல்தான் தெரியும். அவர் கெட்டவராக இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை.

ஜூரரின் சார்பு என்றதும், மனத்தில் வன்மத்தோடு பெட்டியில் ஏறி உட்காரும் ஒருவரை நாம் கற்பனை செய்கிறோம். அப்படிப்பட்டவர்களும் இருக்கிறார்கள், ஒருவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். பெரும்பாலான நேரங்களில் சார்பு சத்தமில்லாமல் வேலை செய்யும். ஜூரர்கள் சாட்சியங்களைப் பட்டியல் போட்டுக் கூட்டிக் கழிப்பதில்லை; கேட்டவற்றை ஒரு கதையாகக் கோத்துக்கொள்கிறார்கள், பிறகு அந்தக் கதைக்கு எந்தத் தீர்ப்பு பொருந்தும் என்று பார்க்கிறார்கள் என்பதை நான்சி பென்னிங்டன், ரீட் ஹேஸ்டி என்ற இரு உளவியலாளர்கள் தங்கள் ஆய்வுகளில் காட்டினார்கள். வழக்கு எதுவாக இருந்தாலும் கதையில் ஓட்டைகள் இருக்கும். அவற்றை ஒவ்வொருவரும் தம் வாழ்க்கையிலிருந்து எடுத்துத்தான் அடைக்கிறார்கள். வேலையிலிருந்து நீக்கப்பட்ட ஓர் இளைஞன் என்ன செய்வான்? வேறு வேலை தேடுவானா, துப்பாக்கியை எடுப்பானா? பதிவேட்டில் இதற்குப் பதில் கிடையாது. அந்த இளைஞனைப் போன்றவர்களைப் பற்றி ஜூரர் ஏற்கெனவே வைத்திருக்கும் எண்ணம்தான் பதில் சொல்கிறது.

1966இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஹாரி கால்வனும் ஹான்ஸ் ஜைசலும் அமெரிக்க ஜூரி முறை பற்றி ஒரு பெரிய ஆய்வை வெளியிட்டார்கள். 3,576 விசாரணைகளில், ஜூரி சொன்ன தீர்ப்பையும், தாமாக இருந்தால் என்ன தீர்ப்புச் சொல்லியிருப்போம் என்று நீதிபதிகள் தெரிவித்ததையும் ஒப்பிட்டார்கள். 78 விழுக்காடு வழக்குகளில் இரண்டும் ஒன்றே. சாட்சியம் தெளிவாக இருக்கும் இடத்தில் ஜூரர்கள் அதன் வழியே போகிறார்கள். அது இரண்டு பக்கமும் சாயக்கூடியதாக இருக்கும்போது, தங்கள் மதிப்பீடுகளையும் உணர்வுகளையும் பின்பற்ற விடுதலை கிடைத்ததுபோல் ஆகிவிடுகிறார்கள் என்று அவ்விருவரும் விளக்கினார்கள். வினோனா வழக்கு அப்படி இரு பக்கமும் சாயக்கூடிய வழக்கு.

ஜூரர் பெட்டிக்கு யார் வருகிறார்கள் என்பதைப் பார்ப்போம். என் பேச்சின் மையம் இதுதான்.

வினோனா இருக்கும் அதே மிசிசிப்பியில், டல்லஹாச்சி மாவட்டத்தில் சம்னர் என்ற ஊர் இருக்கிறது. 1955 ஆகஸ்டில் சிகாகோவிலிருந்து உறவினர் வீட்டுக்கு வந்திருந்த எம்மெட் டில் என்ற பதினான்கு வயதுக் கறுப்பினச் சிறுவனை இரண்டு வெள்ளையர்கள் நள்ளிரவில் இழுத்துச் சென்று கொன்றார்கள். செப்டம்பரில் சம்னரில் விசாரணை. சிறுவனின் தாத்தா முறையிலான மோஸ் ரைட் சாட்சிக் கூண்டில் எழுந்து நின்று, வந்தவர்கள் இவர்கள்தான் என்று கை நீட்டிக் காட்டினார். அந்த மாநிலத்தில் அந்தக் காலத்தில் ஒரு கறுப்பர் அப்படிக் கை நீட்டுவது உயிரைப் பணயம் வைப்பது. ஆற்றிலிருந்து எடுத்த உடலின் விரலில், இறந்துபோன தகப்பனின் பெயரெழுத்துகள் பொறித்த மோதிரம் இருந்தது. அந்த உடல் டில்லுடையதே அல்ல என்று மாவட்ட ஷெரிப் சாட்சி சொன்னார். ஜூரர்கள் ஒரு மணி நேரமும் சில நிமிடங்களும் எடுத்துக்கொண்டு, குற்றவாளிகள் இல்லை என்றார்கள். குளிர்பானம் குடிக்க நிறுத்தியிராவிட்டால் இவ்வளவு நேரமும் ஆகியிருக்காது என்று ஜூரர்களில் ஒருவர் சொன்னார். நான்கு மாதம் கழித்து, கொன்றது நாங்கள்தான் என்று அவ்விருவரும் ‘லுக்’ என்ற பத்திரிகைக்குப் பணம் வாங்கிக்கொண்டு சொன்னார்கள். ஒரு முறை விடுதலையானவரை அதே குற்றத்துக்கு மறுபடி விசாரிக்க முடியாது என்பதால், சட்டம் கையைக் கட்டிக்கொண்டு நின்றது.

அந்தப் பன்னிரண்டு வெள்ளை ஆண்களின் மனத்தைப் பற்றி எவ்வளவோ எழுதப்பட்டிருக்கிறது. அவர்களை அங்கே கொண்டுவந்து உட்கார வைத்த பட்டியலைப் பற்றி எழுதப்பட்டது குறைவு. டல்லஹாச்சி மாவட்ட மக்களில் பாதிக்கு மேல் கறுப்பர்கள். ஜூரர் பட்டியல் வாக்காளர் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது. அந்த வாக்காளர் பட்டியலில் ஒரு கறுப்பர்கூடக் கிடையாது. எழுத்தறிவுத் தேர்வு, வாக்கு வரி, மிரட்டல், அடி, உதை என்று எல்லாம் சேர்ந்து அவர்களை அதில் சேர விடவில்லை. ஜூரர்கள் குளிர்பானம் குடிப்பதற்கு வெகு காலம் முன்பே, மாவட்ட அலுவலகப் பதிவேட்டிலேயே தீர்ப்பின் பெரும்பகுதி எழுதி முடிந்துவிட்டது.

வாக்குரிமைச் சட்டம் 1965இல் வந்த பிறகு பட்டியலை அப்படி வைத்துக்கொள்ள முடியவில்லை. வேறு வழி கைவசம் இருந்தது. காரணம் எதுவும் சொல்லாமல் குறிப்பிட்ட எண்ணிக்கையில் ஜூரர்களை விலக்கும் உரிமை இரு தரப்புக்கும் உண்டு. நிறத்துக்காக ஒருவரை அப்படி விலக்கக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1986இல் பேட்சன் வழக்கில் தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகு அரசு வழக்கறிஞர்கள் காரணம் சொல்லப் பழகிக்கொண்டார்கள். இவருக்குச் சாட்சியைத் தெரியும், அவர் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை, இன்னொருவர் மரண தண்டனை பற்றித் தயங்கினார். ஏதாவது ஒன்று கிடைத்துவிடும்.

எப்படிக் கிடைக்கிறது என்பதைத்தான் ஃபிளவர்ஸ் வழக்கின் ஆறாவது விசாரணை காட்டுகிறது. சின்ன ஊரில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். கறுப்பின ஜூரர் ஒருவர் வந்து நின்றால் கேள்வி மேல் கேள்வி: குற்றம் சாட்டப்பட்டவரின் குடும்பத்தைத் தெரியுமா, அவருடைய சகோதரியோடு வேலை பார்த்தீர்களா, எந்தத் தெருவில் இருக்கிறீர்கள், யாரோடு பழக்கம். விலக்கப்பட்ட ஐந்து கறுப்பின ஜூரர்களிடம் அரசு வழக்கறிஞர் கேட்ட கேள்விகள் மொத்தம் 145. ஜூரராக அமர்ந்த பதினொரு வெள்ளையரிடம் கேட்டவை மொத்தம் 12. ஆளுக்கு 29 கேள்வி ஒரு பக்கம். ஆளுக்கு ஒன்றுக்குச் சற்று அதிகம் மறுபக்கம். தோண்டினால் யாரிடமும் ஏதாவது அகப்படும். வெள்ளையரிடம் தோண்டவில்லை, அதனால் அகப்படவும் இல்லை. ஆறு விசாரணைகளையும் சேர்த்துப் பார்த்தால், விலக்க வாய்ப்பிருந்த 42 கறுப்பின ஜூரர்களில் 41 பேரை அரசுத் தரப்பு விலக்கியது அல்லது விலக்க முயன்றது. 2019 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஏழுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில், ஆறாவது விசாரணையின் தீர்ப்பை ரத்து செய்தது. 2020 செப்டம்பரில் வழக்கே கைவிடப்பட்டது. ஃபிளவர்ஸ் சிறையில் கழித்தது ஏறத்தாழ இருபத்து மூன்று ஆண்டுகள்.

ஒரு வழக்கை வைத்துக்கொண்டு உலகத்தையே அளக்கலாமா என்று கேட்பது நியாயம். புளோரிடா மாநிலத்தில் சரசோட்டா, லேக் என்ற இரு மாவட்டங்களில் 2000 முதல் 2010 வரை நடந்த எழுநூறுக்கும் மேற்பட்ட குற்ற விசாரணைகளை ஷம்மேனா அன்வர், பேட்ரிக் பேயர், ராண்டி யால்மர்சன் என்ற மூன்று பொருளியலாளர்கள் ஆராய்ந்து 2012இல் வெளியிட்டார்கள். எந்த நாளில் யார் யார் ஜூரர்களாக அழைக்கப்படுகிறார்கள் என்பது குலுக்கலில் விழுவது. அதனால் இது இயற்கையாகவே அமைந்த சோதனை. அழைக்கப்பட்ட கூட்டத்தில் கறுப்பர் ஒருவரும் இல்லாத நாட்களில், குற்றம் சாட்டப்பட்ட கறுப்பர்களில் 81 விழுக்காட்டினர் தண்டிக்கப்பட்டார்கள். வெள்ளையரில் 66 விழுக்காட்டினர். அந்தக் கூட்டத்தில் கறுப்பர் ஒருவராவது இருந்த நாட்களில், கறுப்பர் 71, வெள்ளையர் 73. இடைவெளி மறைந்துவிட்டது. அந்த ஒருவர் ஜூரராகக் கடைசியில் அமர்ந்தாரா என்பதுகூட இங்கே கணக்கில் இல்லை. அழைக்கப்பட்ட கூட்டத்தில் அவர் இருந்ததாலேயே, யார் விலக்கப்படுவார், யார் அமர்வார் என்ற முழு ஆட்டமும் மாறிவிடுகிறது.

பெட்டிக்குள் அமர்ந்த பிறகு என்ன நடக்கிறது என்பதைச் சாமுவேல் சாமர்ஸ் என்ற உளவியலாளர் மாதிரி ஜூரிகளை வைத்து ஆராய்ந்தார். ஆறு பேர் கொண்ட குழுக்கள். சிலவற்றில் ஆறு பேரும் வெள்ளையர். மற்றவற்றில் நான்கு வெள்ளையர், இரண்டு கறுப்பர். குற்றம் சாட்டப்பட்டவர் கறுப்பர். கலப்புக் குழுக்கள் அதிக நேரம் விவாதித்தன, வழக்கின் விவரங்களை அதிகம் எடுத்துப் பேசின, குறைவாகத் தவறு செய்தன. என் மனத்தில் நிற்பது இன்னொன்று. கலப்புக் குழுவில் இருந்த வெள்ளையர்களே, வெள்ளையர் மட்டும் இருந்த குழுவினரைவிடச் சாட்சியத்தைக் கவனமாகக் கையாண்டார்கள். அந்த வேறுபாட்டைக் கறுப்பர்கள் சொன்ன கருத்துகளால் மட்டும் விளக்கிவிட முடியவில்லை. எதிரே வேறு அனுபவம் உள்ள ஒருவர் உட்கார்ந்திருக்கும்போது, நமக்குத் தெரியும் என்று நினைப்பதைச் சொல்வதற்கு முன்னால் ஒரு முறை சரிபார்த்துக்கொள்கிறோம்.

இதற்கு மாறாகத் தோன்றும் ஒரு சான்றையும் சொல்லியாக வேண்டும். இங்கிலாந்தில் பேராசிரியர் ஷெரில் தாமஸ், உண்மையாகவே ஜூரர்களாக அழைக்கப்பட்டவர்களை வைத்து நடத்திய ஆய்வு 2010இல் வந்தது. வெள்ளையர் மட்டும் இருந்த ஜூரிகள், வெள்ளையரல்லாதவர்களுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னதற்கு அதில் ஆதாரம் கிடைக்கவில்லை. அப்படியானால் அமெரிக்க ஆய்வு தவறா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. காரணம் சொல்லாமல் ஜூரரை விலக்கும் உரிமையை இங்கிலாந்து 1988லேயே எடுத்துவிட்டது. குலுக்கலில் வந்தவர் அமர்வார். ஒரு நிறத்தவரைத் தேர்ந்து தேர்ந்து வெளியேற்றிய பிறகு எஞ்சும் பன்னிருவரும், குலுக்கலில் வந்து சேர்ந்த பன்னிருவரும் ஒரே வகையினர் அல்ல. அமெரிக்காவிலும் அரிசோனா மாநிலம் 2022 முதல் அந்த உரிமையை முற்றிலும் நீக்கிவிட்டது.

வன்மத்தோடு வரும் ஜூரரைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். கொலராடோ மாநிலத்தில் பேன்யா ரோட்ரிகஸ் என்பவர் மேல் பாலியல் சீண்டல் வழக்கு. தண்டனை ஆயிற்று. ஜூரர்கள் கலைந்து போன பிறகு இருவர் பின்தங்கி, குற்றம் சாட்டப்பட்டவரின் வழக்கறிஞரிடம் ஒன்று சொன்னார்கள். முன்பு சட்ட அமலாக்கப் பணியில் இருந்த ஒரு ஜூரர், இவன் மெக்சிகன், மெக்சிகன் ஆண்கள் பெண்களிடம் இப்படித்தான் நடப்பார்கள், ஆகவே இவன் செய்திருப்பான் என்று அறைக்குள் வாதிட்டாராம். சம்பவ நேரத்தில் ரோட்ரிகஸ் வேறிடத்தில் இருந்தார் என்று சொன்ன சாட்சியை, அனுமதியில்லாமல் நாட்டுக்குள் வந்தவன் சொல்வதை நம்ப முடியாது என்று தள்ளினாராம். அந்தச் சாட்சி சட்டப்படி அங்கே வசித்தவர். ஜூரி அறைக்குள் பேசியதை வெளியே கொண்டுவந்து தீர்ப்பை எதிர்க்கக் கூடாது என்பது நூற்றாண்டுகள் பழைய விதி. 2017இல் உச்ச நீதிமன்றம், ஐந்துக்கு மூன்று என்று பிரிந்து, இனவெறி வெளிப்படையாகப் பேசப்பட்டால் அந்த விதி வழிவிட வேண்டும் என்றது. நல்ல தீர்ப்பு. ஆனால் அது பிடிப்பது வாய்விட்டுச் சொன்னவரை மட்டும். சொல்லாமல் நினைத்துக்கொண்டு கையைத் தூக்கியவர் இன்றும் அதன் வலைக்கு வெளியேதான் இருக்கிறார்.

நம் பக்கத்துக்கு வருவோம். பிரிட்டிஷ் ஆட்சியாளர்கள் இதையெல்லாம் அறியாதவர்கள் அல்லர். 1883இல் இல்பர்ட் மசோதா வந்தபோது, இந்திய நீதிபதிகள் எங்களை விசாரிப்பதா என்று இங்கிருந்த ஐரோப்பியர்கள் கொந்தளித்தார்கள். அடுத்த ஆண்டு சமரசம் ஏற்பட்டது: ஐரோப்பியர் கேட்டால், பாதிக்குக் குறையாமல் ஐரோப்பியரோ அமெரிக்கரோ உள்ள ஜூரி கிடைக்கும். தன்னை விசாரிக்கும் இடத்தில் தன் மக்கள் இருக்க வேண்டும் என்பதன் மதிப்பை ஆள்பவர்கள் அவ்வளவு நன்றாக அறிந்திருந்தார்கள். 1908இல் பம்பாயில் திலகர் மேல் ராஜத்துரோக வழக்கு நடந்தபோது ஜூரர்கள் ஒன்பது பேர். ஏழு ஐரோப்பியர், இரண்டு பார்சிகள். தீர்ப்பு ஏழுக்கு இரண்டு. திலகர் ஆறாண்டு மாண்டலேயில் இருந்தார்.

சுதந்திரத்துக்குப் பிறகு 1958இல் சட்ட ஆணையம் ஜூரி முறையை ஒழிக்கப் பரிந்துரைத்தது. அடுத்த ஆண்டு பம்பாயில் கொலை வழக்கில் விசாரிக்கப்பட்ட கடற்படை அதிகாரி நானாவதி, பத்திரிகைகள் கிளப்பிய அனுதாப அலையில், எட்டுக்கு ஒன்று என்ற ஜூரி முடிவால் குற்றமற்றவர் ஆனார். செஷன்ஸ் நீதிபதி அதை ஏற்காமல் உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பினார், அங்கே ஆயுள் தண்டனை கிடைத்தது. பிடித்தவரை விடுவிக்கவும் சார்பு வேலை செய்யும் என்பதற்கு இது போதும். 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜூரிக்கு இடமே இல்லாமல் போயிற்று.

இலங்கையில் அது இருக்கிறது. உயர் நீதிமன்றத்தில் ஏழு ஜூரர்கள். ஐந்துக்கு இரண்டாவது இருந்தால் தீர்ப்புச் செல்லும். சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்று மொழிவாரியாக ஜூரர் பட்டியல்கள் உண்டு. எந்தப் பட்டியலிலிருந்து ஜூரி வேண்டும் என்பதைக் குற்றம் சாட்டப்பட்டவர் தேர்ந்துகொள்ளலாம். தனக்குப் புரியும் மொழியில் தன்னை விசாரிக்க வேண்டும் என்பது அடிப்படை நியாயம். அதில் எனக்கு மறுப்பில்லை. அதன் விளைவையும் பார்க்க வேண்டும். தமிழ் நாடாளுமன்ற உறுப்பினர் நடராஜா ரவிராஜ் 2006 நவம்பரில் கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்டார். குற்றம் சாட்டப்பட்டவர்களில் கடற்படையினர் இருந்தார்கள். சிங்கள மொழி ஜூரி 2016 டிசம்பரில், நள்ளிரவு கடந்த நேரத்தில், எல்லோரையும் விடுவித்தது. அதே ஆண்டு ஜூலையில், 1996இல் திருகோணமலை மாவட்டம் குமாரபுரத்தில் தமிழ்ப் பொதுமக்கள் கொல்லப்பட்ட வழக்கில், அனுராதபுரத்தில் ஜூரி முன் விசாரிக்கப்பட்ட முன்னாள் இராணுவத்தினர் ஆறு பேரும் விடுதலையானார்கள்.

அந்த ஜூரர்கள் சார்போடு தீர்ப்புச் சொன்னார்கள் என்று நான் சொல்லவில்லை. சொல்ல எனக்கு ஆதாரம் கிடையாது, யாருக்குமே கிடையாது. ஜூரி காரணம் எழுதுவதில்லை. சாட்சி தடுமாறினாரா, அரசுத் தரப்பு வழக்கைச் சரியாக நடத்தவில்லையா, இல்லை வேறு ஏதாவதா? கணவனை இழந்தவருக்கும் பிள்ளையைப் பறிகொடுத்தவருக்கும் கையில் கிடைத்தது ஒரு சொல் மட்டுமே. அந்தச் சொல்லைச் சொன்ன எழுவரில் தங்கள் வாழ்க்கையை அறிந்தவர் ஒருவரும் இல்லை என்று அவர்கள் நினைக்கும்போது, அதைத் தவறு என்று நிரூபிக்கவும் வழியில்லை. மொழி உரிமையைக் காப்பாற்றிக்கொண்டே, மொழிபெயர்ப்பு வசதியோடு கலப்பு ஜூரி அமைப்பது முடியாத காரியம் அல்ல. இன முரண் தொட்ட வழக்குகளிலாவது அதைச் செய்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஜூரியை எடுத்துவிட்ட நாம் தப்பித்துக்கொண்டோமா? தமிழ்நாட்டின் கீழ்வெண்மணியை நினைத்துப் பாருங்கள். 1968 டிசம்பர் 25 இரவு, ஒரு குடிசைக்குள் அடைபட்டு 44 பேர் எரிந்து செத்தார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும்; எல்லோரும் தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பத்தினர். செஷன்ஸ் நீதிமன்றம் தண்டித்த மிராசுதார்களைச் சென்னை உயர் நீதிமன்றம் விடுவித்தது. இவர்களில் பெரும்பாலோர் பெரும் நிலம் படைத்த பணக்காரர்கள், முதலாவதாகக் குற்றம் சாட்டப்பட்டவர் கார் வைத்திருப்பவர். பண்ணையாட்களின் துணைகூட இல்லாமல் தாங்களே நடந்து போய்க் குடிசைக்குத் தீ வைத்தார்கள் என்பது நம்பக் கடினமாக இருக்கிறது என்ற பொருளில் தீர்ப்பில் எழுதப்பட்டது. சற்று முன் சொன்ன ஓட்டையும் அடைப்பும் இங்கேயும் இருக்கின்றன. பணக்காரர் என்ன செய்வார், என்ன செய்யமாட்டார் என்று பதிவேட்டில் இல்லாததை, எழுதியவர்கள் தங்கள் உலகத்திலிருந்து எடுத்து வைத்தார்கள்.

ஆனால் அது எழுதப்பட்டது. அதனால்தான் அரை நூற்றாண்டாக அந்த வாக்கியத்தை எடுத்து வைத்து, இது சாட்சியமா, எழுதியவரின் எண்ணமா என்று நம்மால் கேட்க முடிகிறது. நீதிபதி தீர்ப்புக்குக் காரணம் எழுத வேண்டும் என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 354ஆம் பிரிவு சொன்னது. இப்போதைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 393ஆம் பிரிவு. அந்தப் பிரிவைச் சடங்காக நினைத்துக் கடந்து போகாதீர்கள். சட்டம் பயிலும் நீங்கள் நாளை மேல்முறையீடு எழுதும்போது, தீர்ப்பில் ‘நம்பத் தகுந்ததாக இல்லை’, ‘இயல்புக்கு மாறானது’ என்ற சொற்கள் எங்கெல்லாம் வருகின்றன என்று அடிக்கோடு இடுங்கள். யாருடைய இயல்புக்கு மாறானது, அதற்குப் பதிவேட்டில் எந்தப் பக்கம் ஆதாரம் என்று வாதத்தின் முதல் காரணமாகவே கேளுங்கள்.